14 சொல் வரை திருட்டில்லை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு தாய், வெட்டி மிஞ்சிய தோலில் உள்ளங்கையளவு எடுத்து முந்தானையில் செருகிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டில் சோதனை, மாட்டிக்கொள்கிறாள். முதலாளியின் பொருளை வேலையாள் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 306ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. துண்டு எவ்வளவு பெரியது, அது கழிவா நல்லதா என்றெல்லாம் அந்தப் பிரிவு விசாரிப்பதில்லை.

அவள் கூலியில் படித்த மகள், பாலாற்றங்கரைக் கிணறுகளில் குரோமியம் தேடி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள் என்றும் வைத்துக்கொள்வோம். வாணியம்பாடி வெயிலில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்தது அவள். கட்டுரை வந்ததோ கைடு பெயரில். முக்கால்வாசி அவள் எழுத்து. ஐயாவுக்கு என்ன தண்டனை? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை, காப்பி 60 சதவீதத்தைத் தாண்டினால் முறைக்கும்: கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், 2 ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, 3 ஆண்டு புது ஆய்வு மாணவர் கிடையாது. (கடைசியாகச் சொன்னது அவருக்குத் தண்டனையா, மாணவர்களுக்கு விடுதலையா?)

இத்தனை கருணையைப் பேராசிரியர்களோடு நிறுத்திக்கொள்வானேன்? ஷூ கம்பெனி கேட்டிலும் இதையே ஒட்டிவிடலாமே. ஒரு தோலில் 10 சதவீதம் வரை எடுத்துப் போனால் அது 'சிறு ஒற்றுமை', தண்டனை இல்லை. பொதுவாகத் தெரிந்தது, தற்செயலாக ஒத்தது என்றால் தொடர்ந்து 14 சொல் வரை கணக்கில் வராது என்கிறது விதி. ஆகவே தொடர்ந்து 14 அங்குலமும் வராது. 40 வரை போனால் தோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினில் போய் உட்காரலாம். 60ஐத் தாண்டினால் இன்கிரிமென்ட் வெட்டு, கூடவே புதுப் பெண்களுக்குத் தையல் கற்றுத்தர 3 ஆண்டு தடை. போலீஸ் எதற்கு? சூப்பர்வைசர் தலைமையில் மூவர் குழு போதும். எந்த முதலாளியிடம் சொன்னாலும் சிரிப்பார். பல்கலைக்கழகங்கள் சிரிக்காமல் நடைமுறைப்படுத்துகின்றன. சேர்க்காட்டில் வள்ளுவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் முழுதாக ஒதுக்கிய மனிதர், சதவீதம் போட மறந்துவிட்டார்.

வக்கீல் குறுக்கிடுவார்: "திருட்டு என்றால் அசையும் பொருள் ஒருவர் கையை விட்டுப் போக வேண்டும். பெண்ணின் எழுத்து பெண்ணிடமே இருக்கிறதே!" இருக்கிறது ஐயா. எழுத்து இருக்கிறது; அதைக் காட்டி வாங்க வேண்டிய வேலைதான் போய்விட்டது. இனி தன் கிணறுகளைப் பற்றி அவளே எழுதினாலும், கைடைக் காப்பியடித்தவள் என்று மென்பொருள் அவளைத்தான் பிடிக்கும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63ஆம் பிரிவு இருக்கிறது: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அது சொற்களுக்குத்தான் காவல். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பது 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே தீர்ந்துபோனது. அது சரிதான்; இல்லாவிட்டால் நாட்டில் ஒருவரும் பேனா மூடியைத் திறக்க முடியாது. ஆனால் கெட்டிக்காரக் கைடு வாக்கியங்களை மட்டும் மாற்றுவார், கிணற்றுக் கணக்கு அப்படியே இருக்கும். மாட்டுகிறவன் சோம்பேறித் திருடன் மட்டுமே.

பெரிய இடத்திலும் இதே நடப்புதான். 2025 ஜூனில் மிலான் ஃபேஷன் மேடையில் பிராடா நிறுவனம் காட்டிய செருப்பு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூரியின் அச்சு அசல். அவர்கள் குறிப்பில் அது வெறும் 'தோல் செருப்பு'. ஊர் கொதித்த பிறகுதான் இந்தியாவின் பெயர் வாயில் வந்தது. இதை எதிர்த்த பொதுநல வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் ஜூலையில் தள்ளுபடி செய்தது. ஆம்பூர்ப் பெண்கள் தைக்கும் ஷூவிலும் வெளிநாட்டுப் பெயர்தான் குத்தப்படுகிறது. ஆனால் அதற்கு ஆர்டர் உண்டு, கூலி உண்டு. கோலாப்பூர்க்காரர்களுக்காகக் கொதிக்க ஒரு மாநிலமே இருந்தது. ஆய்வு மாணவிக்கு யார் இருக்கிறார்கள்?

திருட்டு என்று எழுதக் கை கூசுகிறதா? மோசடி என்று எழுதுங்கள். ஏமாற்றிப் பொருள் பெற்றால் அதே நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, அதற்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அடுத்தவள் உழைப்பைத் தன்னுடையது என்று காட்டி வாங்கிய பதவி உயர்வுக்கு மாதாமாதம் கருவூலத்திலிருந்து வருகிறதே, அது பொருளில்லையா?

மகள் புகார் கொடுக்கலாம், தடையில்லை. துறையளவில் விசாரிக்கும் குழுவுக்கு விதிப்படி தலைவர் துறைத் தலைவர். கைடுக்குத் தினமும் டீ வாங்கித் தருகிற நண்பர். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவள் கையெழுத்து வாங்க வேண்டியது அந்தக் கைடிடம்தான்.