அப்டேட் மான்மியம்

சொத்து பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் மக்களுக்குப் போகும் மருமக்கள்வழிச் சொத்துரிமையால் நாஞ்சில் நாட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டைச் சொல்ல, தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மான்மியம் என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டார். தலங்களின் பெருமையைப் பாடுகிற வடிவம் அது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அந்த வழக்கத்தை மாற்றியது. அதே மண்ணில் இருந்துகொண்டு, ஸ்மார்ட்போன் செய்கிற பெரிய நிறுவனங்களே, உங்களுக்கும் ஒரு மான்மியம் பாட வேண்டிய காலம் வந்திருக்கிறது. புகழ்ந்துதான் சொல்லப் போகிறேன். சொல்வது அத்தனையும் நடந்தது.

முதலில் உங்கள் நாவடக்கத்தை வணங்குகிறேன். 2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10.2.1 என்ற அப்டேட்டை அனுப்பியது. ஐபோன் 6, 6எஸ், எஸ்இ ஆகிய போன்களில் பேட்டரி தளர்ந்திருந்தால் பிராசஸரின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அதற்குள் இருந்தது. போன் திடீரென்று அணைந்துபோவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பிப்ரவரியில் சொன்னீர்கள். எதைக் கொடுத்து அதைக் குறைத்தீர்கள் என்பதைச் சொல்லவில்லை. டிசம்பரில் ஒருவர் தன் பழைய ஐபோனுக்குப் புது பேட்டரி போட்டபோது இழந்த வேகம் திரும்பி வந்ததைக் கண்டு வெளியே சொன்னார். கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனையை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் இருந்த அளவீடுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். டிசம்பர் 20-ஆம் தேதி ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அத்தனை கோடிப் பேர் கையில் இருந்த ஒரு பொருளுக்குள் ஒரு சேதியைப் பதினோரு மாதம் வெளியே தெரியாமல் காத்த திறமை எல்லோருக்கும் வராது.

அந்த டிசம்பரில் குமரி மாவட்டத்தில் இதைக் கவனிக்க யாருக்கும் மனசில்லை. நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வீசிப் போயிருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களில், கடலுக்குப் போனவர்களைப் பற்றிய சேதிக்குக் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் கையில் போன் இருந்தது. ஒரு அழைப்பு வருமா, ஒரு படம் வருமா என்று அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். போனின் வேகத்தைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கையில் இருக்கும் கருவி சொன்ன நேரத்தில் திறக்க வேண்டும். திறக்காமல் போகலாம் என்றால், அது அந்தப் போனின் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பொறியாளர்களின் அறிவை மனதாரப் புகழ்கிறேன். லித்தியம் அயான் பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள் மின்தடை ஏறும். சும்மா சேதி படிக்கும்போது அது தெரியாது. கேமராவைத் திறந்தாலோ வீடியோ அழைப்பு வந்தாலோ பிராசஸர் ஒரே நொடியில் நிறைய மின்சாரம் கேட்கும். தளர்ந்த பேட்டரியால் கொடுக்க முடியாது. வோல்டேஜ் சரிந்து, சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே போன் அணைந்துவிடும். பிராசஸரை நிதானமாக ஓடவைத்தால் அந்தச் சரிவைத் தவிர்க்கலாம். ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடக்கும் போனுக்கு இந்தத் தளர்ச்சி இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் சூடு பேட்டரிக்குப் பகை. ஆகவே செய்த வேலையில் பிழையில்லை. நோய் பேட்டரியில்தான் இருக்கிறது, பேட்டரியை மாற்றினால் தீரும் என்ற உண்மையும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்த உண்மையைப் பத்திரமாக உங்களிடமே வைத்துக்கொண்டு, ‘போன் பழசாயிட்டு, புதுசு வாங்கணும்’ என்ற முடிவுக்கு மக்கள் தாங்களாகவே வரும்படி விட்டீர்களே, அந்தப் பொறுமைக்கு ஈடு இல்லை.

பிறகு உங்கள் தாராளத்தைக் கண்டோம். டிசம்பர் 28-ஆம் தேதி மன்னிப்புக் கடிதம் வந்தது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 2,000 ரூபாய் ஆனது, வரி தனி. ஒரே கடிதத்தில் 4,500 ரூபாயைக் குறைக்க முடிந்த கைவளத்தை மெச்சுகிறேன். பிடிபடுவதற்கு முந்தின நாளும் அந்தக் கைவளம் உங்களிடம் இருந்தது.

சாம்சங்கை விட்டுவிட்டால் குறையாகும். இத்தாலியில் கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தவர்களை, நோட் 7-க்காக ஆயத்தம் செய்த ஆண்ட்ராய்டு மார்ஷ்மெல்லோ பதிப்பை ஏற்றிக்கொள்ளச் சொல்லி விடாமல் தூண்டியது அந்த நிறுவனம். விசைப்படகின் வலையைக் கட்டுமரத்தில் ஏற்றியது போலாயிற்று. போன் திணறிப் பழுதானபோது, உத்தரவாதக் காலம் முடிந்தவர்களிடம் பழுது பார்க்கப் பெருந்தொகை கேட்டார்கள். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் அபராதம் போட்டது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ போட்டது. அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமலே 31 கோடி முதல் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஆப்பிள் முன்வந்தது. கேட்டு மனுப் போட்டவர்களுக்கு 2024 ஜனவரியில் ஆளுக்கு ஏறக்குறைய 92 டாலர் போய்ச் சேர்ந்தது. தவறே செய்யாதவர் இவ்வளவு கொடுப்பது வள்ளல்தன்மை அல்லாமல் வேறென்ன? அந்தப் பணம் அமெரிக்காவில் இருந்த பயனர்களுக்கு உரியது. அதே ஐபோனை அதே விலைக்கும் கூடுதலாகவே கொடுத்து வாங்கிய நாகர்கோவில்காரருக்கு அதில் பங்கில்லை.

இங்கே ஒரு போன் எப்படி வாழ்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை செய்யும் மகன் லீவுக்கு வரும்போது கொண்டுவருவான். அடுத்த முறை புதுசோடு வருவான். பழசு அப்பாவுக்குப் போகும். அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் அடைத்துக் கிடந்தபோது அம்மாவிடமிருந்து பேரப்பிள்ளைக்கு. ஒரு போன் மூன்று நான்கு கை மாறும். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ என்ன விலை, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் என்ன விலை, நாளைக்குக் காற்று எப்படி என்று அதில்தான் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, 2 ஜிபியோ 3 ஜிபியோ ரேம், 32 ஜிபி இடம். ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் அந்த இடத்தில் கொஞ்சத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். இடம் நிறைய நிறைய எழுதுகிற வேகம் விழும். ரேம் போதாமல், திறந்து வைத்த ஆப்பை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும்.

மார்த்தாண்டத்தில் போன் பழுது பார்க்கும் கடை ஒன்றில் நின்றால் இது தினமும் கேட்கக் கிடைக்கும். “மக்ளே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. இப்ப மோன் கூப்பிட்டா எடுக்க முடியல்ல, தொங்கிட்டு நிக்குது” என்பார் ஒரு அம்மா. “அப்டேட் ஏதும் போட்டியளா?” என்பான் கடைப் பையன். “நான் ஒண்ணும் போடல்ல. ராத்திரி அதுவாட்டு என்னமோ ஓடிச்சு.” அந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டதாக நினைத்து, கடைப் பையனிடம் குற்றவாளி மாதிரி நிற்கிறார். நீங்கள் செய்த வேலைக்கு அவரைக் கூச வைத்திருக்கிறீர்களே, இந்தச் சாமர்த்தியத்தை எந்த அபராதத்தாலும் அளக்க முடியாது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

முடியாததைக் கேட்கிறோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 12-ஐ நினைத்துப் பாருங்கள். 2013-இல் வெளியான ஐபோன் 5எஸ் வரைக்கும் அது வேலை செய்தது. பழைய போன்களை வேகமாக்குவதே அதன் நோக்கம் என்று அறிவித்தீர்கள். ஐபோன் 6 பிளஸில் கேமரா 70 சதவீதம் வரை விரைவாகத் திறக்கும் என்றீர்கள்; பழைய போன் வைத்திருந்தவர்கள் வேகம் கூடியதை உணரவும் செய்தார்கள். இது கலப்பில்லாத புகழ்ச்சி. பழைய கருவியை இளமையாக்கும் வித்தை உங்கள் கையில் இருக்கிறது. உலகம் முழுக்கக் கேள்வி கேட்டதற்கு அடுத்த வருஷம் அதை எடுத்துக் காட்டினீர்கள்.

உரிமை கொடுப்பதிலும் நீங்கள் பெரியவர்கள். 2021-இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, அதற்கு மாறாமல் 14-லேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்று ஆப்பிள் ஒரு வழி வைத்தது. 2022 ஜனவரியில், அது தற்காலிக ஏற்பாடுதான் என்று சொல்லி அந்த வழியை எடுத்துவிட்டது. அப்டேட் பிடிக்கவில்லை, பழையதற்கே திரும்புகிறேன் என்றால் வழி கிடையாது. புதுப் பதிப்பு வந்த கொஞ்ச நாளில் பழையதை ஏற்றும் கதவை மூடிவிடுவீர்கள். 2025 ஜனவரியில் கூகுள், பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட்டைத் தானாகவே ஏறும்படி அனுப்பியது. சில போன்களில் அது பேட்டரி ஏற்கும் சார்ஜின் அளவையே குறைத்தது. முன்கூட்டிச் சொன்னதற்கும், பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னதற்கும் கூகுளுக்கு நன்றி. திரும்பிப் போக உதவும் பழைய பதிப்புகளைத் தன் தளத்திலிருந்து அகற்றிய முன்யோசனையையும் மறக்கவில்லை.

அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது, இருக்கவும் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அப்டேட்தான். போனில் வங்கிக் கணக்கு இருக்கிற காலத்தில் அதை ஒதுக்குவது ஆபத்து. 2025-இல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே இருக்கும் ஐபோன்களில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது. ஐபோன் 5எஸ், 6 வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பதிப்பே கிடையாது. மஸ்கட்டில் இருக்கும் பிள்ளையின் முகம் பார்க்க வேண்டும் என்றால் புதுப் போன்தான். மறுக்க முடியாத ஒன்றை மறுக்க முடியாதபடி கொடுத்துவிட்டு, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானையும் மரியாதையாக வைத்திருக்கிறீர்கள்.

இனிப் புகழ எனக்கு மனமில்லை. கேட்கிறதை நேராகவே கேட்கிறேன். அப்டேட் கொடுக்கும்போது, இந்த மாடலில் இது வேகத்தையும் பேட்டரியையும் என்ன செய்யும் என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகவும் புது அலங்காரத்தைத் தனியாகவும் கொடுங்கள். ஒரு மாதத்துக்காவது பழையதற்குத் திரும்பும் வழியைத் திறந்து வையுங்கள். நியாயமான விலைக்கு பேட்டரி கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், போன் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் இயங்குதள அப்டேட், ஏழு வருஷம் உதிரிபாகம், 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்கும் பேட்டரி என்று விதி வந்திருக்கிறது. அங்கே கொடுக்க முடிகிறவர்களுக்கு, ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனை ஒருங்கிணைக்கும் தமிழ்நாட்டுக்கும் கொடுக்க முடியும்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய அப்டேட் ஏறினால் போன் உள்ளுக்குள் ஆப்களை ஒழுங்குபடுத்தும். முதல் இரண்டொரு நாள் மெதுவாக இருப்பது இயல்பு. பிறகும் தொங்கினால் படங்களை வேறிடத்துக்கு மாற்றி இடத்தைக் காலி செய்யுங்கள், பேட்டரியின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள், புதுப் போன் வாங்குவதை அதுவரை தள்ளிப் போடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள், தமிழிலேயே சொல்லலாம். ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்களில் வந்த கோளாறுகளுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பதாக 2025 ஜனவரியில் அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். அந்த எண்ணுக்கு வந்த புகார்களைப் பார்த்துத்தான் அந்த நோட்டீஸ் போனது.