சார் இன்னும் முடிவு பண்ணலை

அவர் வீட்டுக்குப் போனால் ‘என்ன பாட்டு கேட்பீங்க?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முகம் சுண்டிப்போகும். பாட்டு கேட்பது ஊரில் எல்லாரும் செய்கிற காரியம். சார் ஸ்பீக்கர் கேட்பவர். ஸ்பீக்கரைக் கேட்க ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருக்கிறதே என்றுதான் பாட்டையே சகித்துக்கொள்கிறார்.

எந்த ஊரிலும் இந்த ஜாதியில் நாலைந்து பேர் தேறுவார்கள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பேங்கிலோ பொதுத்துறையிலோ இருந்து விருப்ப ஓய்வில் வந்திருப்பார்கள். வாலிபத்தில் ரிச்சி தெருவில் கோன் வாங்கி, ஆசாரியைப் பிடித்து பிளைவுட்டில் பெட்டி அடித்து, அதற்குள் தலையணைப் பஞ்சை அடைத்து, எதிர்வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள். இப்போது கையில் காசு இருக்கிறது, காதுதான் கொஞ்சம் முன்னே பின்னே. 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பிள்ளைப் பிராயத்துக் கணக்கு. வயது ஏற ஏற மேல்பக்கம் தேய்ந்துகொண்டே வரும். அதனால் என்ன, தான் வாங்கப்போகிற ஸ்பீக்கர் 28,000 வரை போகுமா என்று சார் விசாரிப்பதை நிறுத்தவில்லை. போனால் மொட்டைமாடி வௌவால்களுக்கு உபயோகம்.

நான் சொல்லும் சார் இருப்பது நங்கநல்லூரில். ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’, அதிலும் 1994இல் மேடையில் வாசித்த பதிவு, அவருடைய உரைகல். கிட்டார் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் விழுகிற மாதிரி ஒரு டிரம் அடி, கூட்டம் கைதட்டும். அந்த அடி விழுந்ததும் சார் நிறுத்திவிட்டு, “லெஃப்ட்ல மூணாவது வரிசையில ஒருத்தன் விசிலடிச்சானே, கேட்டுதா?” என்பார். பாடகர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேபிள் மாற்றப்பட்டிருக்கும். அந்த ஹோட்டலுக்குள் சார் இதுவரை நுழைந்ததே இல்லை. இளையராஜாவின் 1986 ஆல்பம் ‘ஹவ் டு நேம் இட்?’டையும் இப்படித்தான் கேட்பார். வயலின்கள் உருகும்போது, வாசிக்கிறவரின் நாற்காலி எங்காவது கிரீச்சிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

விஷயம் இதுதான்: இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் விலை லட்சங்களில்.

ஒன்று எல்எஸ் 3/5ஏ. 1970களில் பிபிசி தன் சொந்தத் தேவைக்காக வடிவமைத்தது. வெளியூர் ஒலிபரப்பு வேனுக்குள், முழங்கையை நீட்ட இடமில்லாத இடத்தில், பேசுகிறவர் குரல் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்கான பெட்டி. உயரம் ஓரடி, எடை ஐந்து கிலோ சொச்சம். செய்து விற்கிற உரிமத்தை பிபிசி பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது. 1987 வரை வந்தவை 15 ஓம், அதற்குப் பின் 11 ஓமும் வந்தது. இந்த 15க்கும் 11க்கும் நடுவில் இருக்கிற பகையைப் பார்த்தால், கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட் ஏறிய வழக்கெல்லாம் சாத்வீகமாகத் தோன்றும்.

இன்னொன்று அமெரிக்க கார்ன்வால். அர்கான்ஸாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் கம்பெனி வைத்திருந்த பால் க்ளிப்ஷ் 1959இல் கொண்டுவந்தது. மூன்றடிக்கு மேல் உயரம், உள்ளே 15 அங்குல ஊஃபர், மேலே ஹார்ன்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும். க்ளிப்ஷ் ரசமான மனிதர். கோட்டின் மடிப்புக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பட்டன் குத்தியிருப்பார். அதில் ‘சுத்தப் பேத்தல்’ என்பதற்கு ஈடான ஆங்கில வசவு அச்சிட்டிருக்கும். யாராவது ஸ்பீக்கரைப் பற்றி அளந்துவிட்டால் வாயைத் திறக்கமாட்டார், மடிப்பைத் திருப்பிக் காட்டுவார். சார் இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அந்தப் பட்டன் தன்னைப் பார்த்தும் திரும்பும் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

சின்னதற்கு சென்ஸிட்டிவிட்டி 83 டெசிபல் அளவு, பெரியதற்கு 102. மூன்று டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது பெரியது ஒரு வாட்டில் போடுகிற சத்தத்தைச் சின்னதிடம் வாங்க ஏறக்குறைய 80 வாட் கொட்ட வேண்டும். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஷோரூமில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். வால்யூம் குமிழைத் தொடாமலே கடைப்பையன் சின்னதிலிருந்து பெரியதற்கு மாற்ற, சார் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். “பார்த்தீங்களா, என்ன உயிர்!” சத்தம் சற்றுக் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றுவது காதின் பலவீனம். பையனுக்கு அது தெரியும், சாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஏமாறுவதில் ஒரு சுகம்.

சரி, வீட்டில் இதையெல்லாம் கேட்கப்போகிற அறை எப்படி? பத்துக்குப் பன்னிரண்டு. கீழே விட்ரிஃபைட் டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் சிமெண்டுப் பூச்சு. கை தட்டினால் சுவரும் சேர்ந்து தட்டும். வடக்குச் சுவரோரம் சாரின் வீட்டு அம்மாளின் கோத்ரேஜ் பீரோ. ஏதாவது ஒரு ஸ்வரம் வந்தால் அதன் கைப்பிடி மட்டும் கிணுகிணுவென்று உடன் பாடும். ஆர்கெஸ்ட்ராவில் இல்லாத அந்த ஜால்ராவைச் சார் பழைய ஸ்பீக்கரின் கோளாறு என்று கழற்றிப் பார்த்து, மூடி, விற்கவும் முடிவு செய்துவிட்டார்.

மே மாதம் ஒரு மத்தியானம் என்னை அழைத்தார். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஃபேன் நிறுத்தப்பட்டது, ‘நாய்ஸ்’ என்று. ஏசியும் அதே குற்றத்துக்காக அணைக்கப்பட்டது. அறையின் நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி, அது அவருக்கு. நான் தரையில். வேர்வை கண்ணில் இறங்கித் துடைத்துக்கொண்டபோது, “உருக்கிடுச்சில்ல?” என்று என் தோளைத் தட்டினார்.

அப்புறம் உதட்டைப் பிதுக்கினார். “பாஸ் சுத்தமா இல்ல. இதுக்குத்தான் மாத்தணும்ங்கறேன்.”

காபி டம்ளரோடு வாசற்படியில் நின்ற அம்மாள், “இல்லையா? இங்க திம்முதிம்முனு நெஞ்சுல இடிக்குதுங்க” என்றார்.

“உனக்கு பாஸ்னா என்னன்னு தெரியுமா?”

“இடிக்கிறது தெரியுதில்ல?”

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதி ஓரிடத்தில் நின்றுவிடும். சுவரோரம் அது குவியும். சரியாக நடுவில் செத்துக் கிடக்கும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. விரல் நாலைந்து கட்டம் ஏறுவதற்குள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். நாற்காலியை மூன்றடி பின்னால் தள்ளினால் சாருக்குச் செலவில்லாமல் பாஸ் வந்துவிடும். சொன்னேன். பின்னால் பீரோ இருக்கிறது என்றார். பீரோவை நகர்த்தலாமே என்றேன். அந்தப் பேச்சை அம்மாள் ரசிக்கவில்லை. நாலு இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்தால் எதிரொலியும் அடங்கும் என்றேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. மெத்தையில் பிராண்ட் பேர் இல்லை, மாடல் நம்பர் இல்லை, 15 ஓமா 11 ஓமா என்று சண்டை பிடிக்க வழியில்லை. அவருடைய சந்தோஷத்துக்கு அதில் எங்கே இடம்?

மகள் கம்ப்யூட்டர்க்காரி, விடவில்லை. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் படித்திருக்கிறாள். ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மதிப்பெண் போட்டவர்கள், திரை போட்டு மறைத்த பிறகு வேறு மாதிரி போட்டார்கள் என்பது அதன் சாரம். ஒரு சனிக்கிழமை, கடையிலிருந்து இரவல் வந்த சின்ன லண்டன் பெட்டியையும், பரணில் கிடந்த ரிச்சி தெரு பிளைவுட் பெட்டியையும் அடுத்தடுத்து வைத்து, குறுக்கே கொடி கட்டி அப்பாவின் எட்டுமுழ வேட்டியைத் தொங்கவிட்டாள். போனில் அளந்து சத்தத்தைச் சமமாக்கினாள்.

“இதுதாம்மா!” சார் சந்தேகமில்லாமல் விரலை நீட்டினார். “இந்த மிட்ரேஞ்ச் இங்கிலீஷ்காரனைத் தவிர வேற எவனுக்கும் வராது.”

மகள் வேட்டியை விலக்கினாள். ஆசாரி அடித்த ஆணியின் தலை தெரிந்தது.

சார் அசரவில்லை. எழுந்து போய் வேட்டியை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். “கஞ்சி போட்ட வேட்டி. ஹைஸை எல்லாம் முழுங்கிடுச்சு. மல் துணியில வச்சிருந்தா நான் சொல்லியிருப்பேன்.”

இப்படியே இன்னும் பல வருஷம் நிம்மதியாக ஓடியிருக்கும். நவராத்திரி வந்து கெடுத்தது.

அம்மாள் ஒருநாள் இஞ்ச் டேப்போடு வந்தார். “அந்தப் பெரிசு எவ்வளவு ஒசரம்னீங்க? மூணடிக்கு மேலயா? அகலம்?”

“ரெண்டடி. ஏன்?”

“கொலுவுக்கு ரெண்டு பக்கமும் நிறுத்தினா அம்சமா இருக்கும். ஒண்ணுல செட்டியார் பொம்மை, ஒண்ணுல கல்யாண செட். சின்னதை ஸ்டாண்டு மேல வச்சா வீடு துடைக்கிறவ தட்டிவிட்டுருவா. பெரிசையே வாங்கிடுங்க. பீரோவைப் பாப்பா ரூமுக்குத் தள்ளிக்கறேன்.”

சார் வாய் திறந்தபடியே இருந்தது. இத்தனை காலம் ஒவ்வொரு ஷோரூமிலும் அவர் சொல்லித் தப்பித்த ஒரே வாக்கியம் ‘வீட்ல ஒத்துக்கணும் சார்.’ அந்தக் கதவு பின்னால் சாத்திக்கொண்டுவிட்டது.

ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன். குரல் கம்மியிருந்தது, யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன்.

“வீட்ல சரின்னுட்டாங்க சார்.”

“எதுக்கு?”

“கார்ன்வாலுக்கு.” அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பீட்டர் வாக்கர் என்ற இங்கிலீஷ்காரர் 1957இல் கொண்டுவந்த குவாட் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. கோன் கிடையாது, பெட்டி கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று உயர் மின்னழுத்தத்தில் அதிர்ந்து பாடும். குரலென்றால் அதுதான் என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அதைக் கேட்காமல் எப்படி முடிவு பண்ணலாம்?

மறுமுனையில் மூச்சு சீரானது.

“ஆனா சார், அது தூசியை இழுக்கும். ஈரக்காத்து ஆகாது. நம்ம ஊருக்கு…”

“அதான் சொல்றேன்,” என்றேன். “அவசரப்படக் கூடாது. மழைக்காலம் ஒண்ணு, வெயில்காலம் ஒண்ணு, ரெண்டுலயும் கேட்டுப் பார்த்துட்டு…”

“பழசு கண்டிஷன்ல கிடைக்கணும்,” என்றார். “படலம் மாத்தினதா மாத்தாததான்னு வேற பார்க்கணும்.”

“ஆமா, மாத்தினதுன்னா யார் மாத்தினதுன்னு இருக்கு.”

“இருக்கு சார், இருக்கு!” பழைய குரல் வந்துவிட்டது. “நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாங்களேன், உட்கார்ந்து பேசுவோம்.”