ஒளிரும் ரேமின் அகமும் புறமும்: ஒரு முன்னாய்வு

கணினிக்கு நினைவு எதற்கு என்று கேட்டவர் உண்டு. நினைவுக்கு விளக்கு எதற்கு என்று முறைப்படி கேட்டவர் இல்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு. களம்: சென்னை ரிச்சி தெரு, பின்னர் எங்கள் வீட்டு மாடியறை. ஆய்வுக்கு உட்பட்டோர்: ஒருவர் (அக்கா மகன், வயது 19). நிதி நல்கை: ஆய்வாளரின் சம்பளக் கணக்கு. வேலை கிடைத்ததும் திருப்பித் தருவதாக ஆய்வுக்கு உட்பட்டவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டுள்ளார்.

பொருளை அகம், புறம் எனப் பிரித்த நம் முன்னோர் ரேமைக் கண்டிலர். கருஞ்சில்லுகளும் அவற்றின் தாமதக் கணக்கும் அகம். மேலே போர்த்திய அலுமினியத் தகடும் அதன் உச்சந்தலையில் ஓடும் ஒளிப்பட்டையும் புறம். கேபினெட்டுக்குத் தகரக் கதவு இருந்தவரை இதில் சிக்கலே எழவில்லை. கண்ணாடிக் கதவு வந்தது, அகமே புறமாயிற்று. இன்றைய குழப்பம் அனைத்துக்கும் வேர் அந்தக் கதவு என்க.

முதலில் அகம். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்டுக்கு 1966-இல் தோன்றிய யோசனைதான் இன்றும் ஓடுகிறது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதில் ஒரு துளி மின்னூட்டம். கெடுவாய்ப்பாக அந்த மின்தேக்கி ஓட்டைக்குடம். டிடிஆர்5 ரேமில் 32 மில்லி வினாடிக்குள் எல்லா வரிசையையும் ஒருமுறை மீண்டும் நிரப்பியாக வேண்டும். வினாடிக்கு முப்பது தடவை ஞாபகப்படுத்தினால்தான் ஞாபகமிருக்கும் ஒன்றுக்கு நினைவகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவரை வேறு பெயர் சொல்லி அழைப்பார்கள்.

அடுத்து, கடைக்காரர் உதிர்த்த எண்கள். "சார், ஆறாயிரத்துல சிஎல் முப்பது எடுத்துக்குங்க. முப்பத்தாறு விலை கம்மிதான், ஆனா தம்பி மூஞ்சி வாடிடும்." தம்பியின் முகம் அந்நேரமே வாடத் தொடங்கியிருந்தது. கணக்கு எளிது: தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுக்க வேண்டும். முப்பதுக்கு 10 நானோ வினாடி, முப்பத்தாறுக்கு 12. வேறுபாடு 2 நானோ வினாடி. அந்நேரத்தில் ஒளி சுமார் 60 சென்டிமீட்டர் போகும். திரையிலிருந்து இவன் மூக்கு வரை. ஆகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும் என்று ஆய்வாளர் பரிந்துரைத்தார். பரிந்துரை ஏற்கப்படவில்லை.

இங்கே ஒரு தடை எழும். பழைய டிடிஆர்4-இல் 3200 வேகமும் சிஎல் 16-உம் கொண்ட ரேமுக்கும் இதே சூத்திரத்தில் 10 நானோ வினாடிதானே வருகிறது, புதுத் தலைமுறையால் என்ன பயன் எனின், டீக்கடையைப் பார்க்க. முதல் கிளாஸ் கைக்கு வர அன்று ஆன நேரம்தான் இன்றும் ஆகிறது. ஆனால் தட்டு பெரிதாகிவிட்டது. டிடிஆர்4 ஸ்டிக் வினாடிக்கு 25.6 ஜிபி தந்தால், 6000 வேக டிடிஆர்5 ஸ்டிக் 48 ஜிபி தருகிறது. ஒரே 32 ஜிபி ஸ்டிக்குக்குப் பதில் இரண்டு பதினாறு வாங்குவதும் தட்டு ஏந்த இரண்டு பையன்களை வைப்பது போலத்தான். அவற்றைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருக வேண்டும் என்பதைப் பதிவு செய்துவிட்டு அகத்திலிருந்து வெளியேறுகிறேன். ஆய்வுக்கு உட்பட்டவர் முன்பே வெளியேறிவிட்டார்.

புறத்தில்தான் பொருள் செழிக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிநிலை. பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள். சிவப்பு எல்இடி 1962-இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருந்தோம். அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அப்படி வந்த நிறக்கோடியில் இவன் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று: சிவப்பு. நீலமே தேவைப்படாத சிவப்பு. தி. நகர் பட்டுக்கடையில் மயில்கழுத்தா, கத்திரிப்பூவா, கிளிப்பச்சையா என்று என் அம்மா நாலு மணி நேரம் நின்ற வம்சம் இது.

புறத்தின் உச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சில்லே இல்லாத ரேமும் உண்டு. தகடு உண்டு, விளக்கு உண்டு, உள்ளே ஒரு பிட் நினைவுகூட இல்லை. காலி ஸ்லாட்டில் செருகுவதற்கென்றே கார்செய்ர் போன்ற நிறுவனங்கள் விற்றிருக்கின்றன. முதலில் சிரித்தேன். பிறகு கொலுப்படி நினைவுக்கு வந்தது. படியில் இடம் காலியாகத் தெரிந்தால் செட்டியார் பொம்மையைச் சற்று நகர்த்தி வைப்போமே, அவர் கடையில் யார் அரிசி வாங்கினார்கள்?

புறத்துக்கு உயரமும் உண்டு என்பதைக் காசு கொடுத்துக் கற்றோம். இவ்வகை ஸ்டிக் சில 44 மில்லிமீட்டர் உயரம். இரட்டை விசிறிக் கூலர் சிலவற்றின் கீழே இருப்பதோ 32. எங்கள் கூலரின் முன்விசிறி இப்போது தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிய மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இனி, ஆய்வின் உயிர்நாடியான கண்கட்டிச் சோதனை. பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் வேக அமைப்பை இயக்கும்வரை ரேம் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். அசெம்பிள் செய்தபோது யாரும் இயக்கவில்லை. மூன்று மாதம் இவன் 4800-இல் ஓட்டி, 6000-இன் பெருமையை நண்பர்களிடம் பேசியிருக்கிறான். ஒரு ஞாயிறு காலை, இவன் தூங்குகையில் எக்ஸ்போவை இயக்கினேன். வேகம் சரியாகக் கால் பங்கு கூடியது. ஒரு வாரம் கவனித்தேன். ஒரு சொல் இல்லை. விளையாட்டு திக்குகிறது என்று ஏற்கெனவே இருந்த முணுமுணுப்பும் குறையவில்லை.

எட்டாம் நாள் அம்மா மாடியேறி வந்தார். கணினியை ஸ்லீப்பில் போட்டாலும் மறக்காமலிருக்க ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ரேமில் விளக்கும் கூடவே எரியும். "ராத்திரி பூரா சாமி புறப்பாடு மாதிரி ஓடுதுடா. அந்தச் சிவப்பு கண்ணைக் குத்துது. எம்.எஸ். ப்ளூல வையேன்" என்றார். பீரோவிலிருந்து அந்த நீலப் புடவையை எடுத்துவந்து கேபினெட் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். நான் மென்பொருளில் எண்களை நகர்த்தி நகர்த்தி ஒத்துப்பார்த்தேன். இருபது நிமிடத்தில் வந்துவிட்டது.

சாயங்காலம் இவன் வந்து உட்கார்ந்தான். பத்து நிமிடம் யார் யாரையோ சுட்டான். பிறகு ஹெட்செட்டைக் கழற்றினான்.

"மாமா, ரேம்ல ஏதாவது பண்ணீங்களா? இன்னைக்கு செம ஸ்மூத்தா போகுது."

அம்மாவுக்கு மட்டும் இன்னும் நிறைவில்லை. ஒரு ஸ்டிக்கில் பத்து விளக்கு இருப்பதைக் கண்ணாடி வழியே எண்ணிவிட்டார். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றை அரக்கில் வைத்தால் பார்டர் கட்டினாற்போல் இருக்குமே என்கிறார்.