வெண்டைக்காய் முனை ஒடித்தல்: உழவர் சந்தையை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்வெட்டைப் படிக்க ஆள் இருக்கிறது, ஓலைச்சுவடியைத் தூசு தட்ட ஆள் இருக்கிறது. வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்க்கும் மரபை ஆராயத்தான் நாதியில்லை. அக்குறை இன்றோடு தீர்கிறது.

ஆய்வுக்களம் மதுரை அண்ணா நகர். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இங்கேதான் திறக்கப்பட்டது. இடைத்தரகர் கிடையாது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி, தன் காட்டில் விளைந்ததைத் தானே விற்கலாம். விலையைச் சந்தை நிர்வாகமே காலையில் பலகையில் எழுதிவிடும்: மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பேரம் பேசிப் பழகிய நாக்குக்கு இந்தப் பலகையால் வேலை போயிற்று. நாக்கு விட்ட இடத்தைக் கட்டைவிரல் பிடித்துக்கொண்டது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

செய்முறை எளிது. காயைக் கையிலெடுத்து, கூர்முனையைக் கட்டைவிரலால் நெம்ப வேண்டும். ‘டக்’கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து கொடுத்தால் முற்றல். ஒடிந்தும் ஒடியாமலும் நாரில் தொங்கினால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சாம்பாருக்கு ஆகும் என்பது பெரும்பான்மைக் கட்சி. பூ உதிர்ந்த சில நாளிலேயே பறித்துவிட வேண்டிய காய் இது. ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்பவர் ஒரு முறை தவறவிட்டால் போதும், நார் பாய்ந்துவிடும். வெண்டை பருத்திக் குடும்பத்துச் செடி என்பதை இங்கே நினைவிற்கொள்க. இன்னும் நாலு நாள் விட்டால் வேட்டியாகவே காய்க்குமோ என்பது மேலாய்வுக்குரியது.

இனி எதிர்த்தரப்பு.

“ஒடிக்காத தாயி. ஒடிச்சத யாரு வாங்குவா?”

“பாக்காம எப்பிடிண்ணே வாங்குறது?”

“நேத்துச் சாயங்காலம் எங் கையால பறிச்சது. எங்கிட்டயே சந்தேகமா?”

சிக்கலின் முடிச்சு இதுதான். சாதாரணக் காய்கறிக் கடைக்காரர் “மார்க்கெட்டுக்கு வந்ததே இப்பிடித்தாம்மா” என்று பழியைத் தள்ளிவிடலாம். இவருக்கு அந்த வசதி இல்லை. விதைத்தவரும் இவர், விற்பவரும் இவர். முனையை ஒடிப்பது காயைச் சோதிப்பதாகாது, வளர்ப்பைச் சோதிப்பதாகும்.

உடனே பஞ்சாயத்து கூடுகிறது. பக்கத்துக் கீரைக்காரம்மா, “அண்ணன் காயி சோடை போகாது, தைரியமா எடு” என்று சாட்சி சொல்கிறார். முன்பின் தெரியாத ஒரு பெண் அதே குவியலில் இரண்டை ஒடித்து மறு ஆய்வு செய்கிறார். வதக்கும்போது வழவழப்பு போக மோர் விடுவதா, புளித்தண்ணீர் தெளிப்பதா என்று விவாதம் கிளைக்கிறது. அது முடிவதற்குள் யார் மகளுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கிறார்கள் என்பது அவைக்கு வந்துவிடுகிறது. தராசு காத்திருக்கிறது. யாருக்கும் அவசரமில்லை.

முருங்கைக்காயை முறுக்குவதும் சுரைக்காயில் நகம் பதிப்பதும் தனி நூலுக்குரியவை என்பதால் இங்கே விடப்பட்டன.

ஒடிபட்ட காய்கள் எங்கே போகின்றன? இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இதுவே. துண்டுச்சீட்டில் எழுதி வந்ததைப் பார்த்துப் பார்த்து வாங்கும் ஆண்களின் பைக்குத்தான் போகின்றன. ஏன் முனை இல்லை என்று அபூர்வமாக யாரேனும் கேட்டால், விடையும் தயார்: “எல்லாம் பொம்பளைங்க ஒடிச்சுப் பாத்துப் பாஸ் பண்ணுன காயி சார்.”