கடனட்டையும் இரண்டு பூஜ்யமும்: ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓர் ஆய்வு

அட்டை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று, காகிதத்தைவிடத் தடித்தது. மற்றது, காலில் ஏறி ரத்தம் குடிப்பது. கடனட்டை என்ற கூட்டுச்சொல்லில் இவற்றுள் எது பயின்று வருகிறது என்பதில் இரண்டு கட்சி உண்டு. வங்கிக்காரர்கள் முதல் கட்சி. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து மாதக் கணக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் இரண்டாம் கட்சி. காட்டு அட்டையாவது வயிறு நிறைந்தால் தானாக விழுந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம்.

கடன் என்ற முன்சொல் இன்னும் சிக்கலானது. காலைக்கடன், நேர்த்திக்கடன், ஈமக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்று நம்மவர்கள் கடனைத் தீர்க்கவேண்டிய ஒன்றாகவே வைத்திருந்தார்கள். தீர்க்காமல், குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் செலுத்திக்கொண்டே வாழலாம் என்பது தமிழ் மெய்யியலுக்குப் புதிது. காலைக்கடனில் அதைச் செய்துபார்த்தால் விளங்கும்.

ஊருக்குப் போகும்போது எந்தக் கடனட்டையைக் கொண்டுபோவது என்பதே ஆய்வு. ஆய்வுக் களம், கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தும் அதன் குறுக்குத் தெருக்களும். காலம், ஜூலைக் கடைசியில் பள்ளிகள் மூடுவதற்கு முந்தைய ஆறு வாரம். மாதிரி அளவு நான்கு: நான், என் மனைவி, இல்ஃபோர்டு மச்சான், கேட்காமலே கருத்துச் சொன்ன பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை. நான்கு பேர் போதாது என்று புள்ளியியலாளர்கள் சொல்லக்கூடும். அவர்கள் என் மச்சானோடு ஒரு மாலை உட்கார்ந்ததில்லை.

முதலில் வரலாறு. வெளிநாட்டில் செலவழிக்கக் காசை மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டாம் என்ற யோசனை லண்டனுக்கு 1772இலேயே வந்துவிட்டது. ராபர்ட் ஹெரீஸ் என்ற வங்கியாளர், ஐரோப்பிய நகரங்களில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளும் சீட்டுகளை அந்த ஆண்டில் வெளியிட்டார். நம் செட்டிநாட்டார் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் இடையே உண்டி எழுதியதும் இதே வேலைதான். காட்டியதும் பணம் தரும் உண்டி ஒன்று, தவணை கழித்துத் தரும் உண்டி ஒன்று என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். முன்னதற்கு இன்று டெபிட் கார்டு என்று பெயர், பின்னதற்குக் கிரெடிட் கார்டு. தவணை மட்டும் ஐம்பத்தாறு நாள் வரை என்று மாறியிருக்கிறது. உண்டியும் கடனட்டையும் ஒன்றே என நிறுவிவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். முதலில் குப்பையை வெளியே வைக்கச் சொன்னாள்.

பிரிட்டனின் முதல் கடனட்டையான பார்க்ளேகார்டு 1966 ஜூன் 29 அன்று வந்தது. மூன்றே வாரம்தான் ஆகியிருந்தது, நாள் கணக்கில் இருபத்தொன்று. ஜூலை 20 அன்று ஹரால்ட் வில்சன் அரசு, வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போகிறவர் ஐம்பது பவுண்டுக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று அறிவித்தது. ஒரு கை அட்டையைக் கொடுக்க, மறு கை எல்லையில் நின்று பையைத் தடவியது. அந்த வரம்பு, பவுண்டோடு தங்கள் பணத்தைப் பிணைத்திருந்த நாடுகளின் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு வெளியே போகிறவர்களுக்குத்தான். இந்தியா அப்போது வட்டாரத்துக்குள் இருந்ததால் சென்னைக்குப் போகும் வெள்ளைக்காரருக்குத் தடை இல்லை. ஆனால் அங்கிருந்து இங்கே வந்த நம்மவர் பையில் மூன்று பவுண்டு மட்டும் இருந்த கதையை சவுத்தாலிலும் ஈஸ்ட் ஹாமிலும் ஒரு தலைமுறையே சொல்லும். அந்தத் தலைமுறைக்கு எந்தக் கார்டு நல்லது என்ற கேள்வியே எழவில்லை. அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை.

அட்டையைத் தேர்வு செய்யும் உரிமை நமக்கு இருப்பதாக ஒரு மாயை உண்டு. உண்மையில் அட்டைதான் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. கடனே வாங்காதே என்று சொல்லி வளர்த்த அப்பத்தாவின் பேரன் நான். வந்த புதிதில் நிமிர்ந்த தலையோடு ஒரு வங்கியில் விண்ணப்பித்தேன். நிராகரித்தார்கள். கடன் வாங்கியதே இல்லை என்பதுதான் என் குற்றம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் இந்நாட்டில் ஆளாளுக்கு ஓர் ஏடு வைத்திருக்கின்றன. எந்த ஏட்டிலும் அப்பத்தாவின் வளர்ப்புக்கு மதிப்பெண் இல்லை. மனம் நொந்து நாலு இடத்தில் விண்ணப்பித்தால், இவன் எதற்கு இப்படி அலைகிறான் என்று அதுவும் ஏட்டில் ஏறும். பெண் பார்க்கப் போன இடமெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடுவது மாதிரி. ஏட்டில் ஏறாதபடி முன்கூட்டியே தகுதி பார்க்கும் வழி உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மதிப்பு ஏறும் என்பதும் அப்படியே. காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் இந்தியருக்கும் இலங்கையருக்கும் இங்கே வாக்குரிமை உண்டு. ஆக, ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாமில் நம்மவர் சிலர் ஓட்டுப் பதிந்ததன் பின்னணியில் ஜனநாயக வேட்கை எவ்வளவு, கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மையப் பொருள். இந்நாட்டுச் சாதாரண அட்டையை வெளிநாட்டில் தேய்த்தால் பவுண்டு அல்லாத செலவுக்கென்று ஒரு கட்டணம் பிடிப்பார்கள். பெரும்பாலும் 2.99 சதவீதம். மூன்று என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு பென்னியைக் குறைத்திருக்கிறார்கள், நம்மூர்ச் செருப்புக் கடைபோல. இந்தக் கட்டணமே இல்லாத அட்டைகளும் உண்டு. ‘பயண அட்டை’ தேடுவது என்றால் அதைத் தேடுவதுதான். விமான மைல், ஓய்வறையில் இலவச சமோசா என்பதெல்லாம் அலங்காரம்.

மச்சானோ அலங்காரக் கட்சி. “மைல்ஸ் சேர்த்தா பிசினஸ் கிளாஸ்ல போலாம் மாப்ள” என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுவரை போனது இல்லை. யாழ்ப்பாணத்து அண்ணை எதிர்முனை. “தம்பி, நான் முப்பது வருசமா காசுதான் கொண்டு போறனான். காசுக்கு பின் நம்பர் இல்லை.” அண்ணையின் கட்சியில் நியாயம் இருக்கிறது. கடனட்டையை இயந்திரத்தில் செருகிக் காசு எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஐம்பத்தாறு நாள் சலுகை கடையில் தேய்ப்பதற்கு மட்டும்தான்.

மனைவி சட்டக் கட்சி. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு. நூறு பவுண்டுக்கு மேல் முப்பதாயிரம் வரை விலையுள்ள பொருளைக் கடனட்டையில் வாங்கி, விற்றவர் ஏமாற்றினாலோ கடையை மூடிவிட்டாலோ, அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. முழுத் தொகையும் அட்டையில் கட்டவேண்டும் என்பதுகூட இல்லை, முன்பணம் கட்டியிருந்தாலே போதும். வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது செல்லும் என்று பிரபுக்கள் சபை 2007இல் தீர்ப்பளித்தது. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு கிடையாது. இதை அவள் சமையலறையில் நின்றபடி ஒப்பித்தபோது, திருமணமாகிப் பத்து ஆண்டில் முதல் முறையாக அவளைப் பார்த்துப் பயந்தேன்.

பயம் டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் தெளிந்தது. முகவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காசாக் குடுத்தா இருபது பவுண்டு குறைச்சுத் தரேன்” என்றார். கார்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது 2018 ஜனவரியிலிருந்து இங்கே சட்டவிரோதம். காசுக்குக் குறைப்பதைச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. மேலும், இடையில் முகவர் ஒருவர் புகுந்தால் 75ஆம் பிரிவின் சங்கிலி அறுந்துபோகவும் கூடும். பிரபுக்கள் சபையா இருபது பவுண்டா என்ற நெருக்கடியில் சட்டக் கட்சி கைப்பையைத் திறந்து நோட்டுகளை எண்ணியது.

ஆறு வாரம் கழித்து, கட்டணமில்லாத அட்டை ஒன்று தபாலில் வந்தது. அதைத் தோற்கடிக்க அரை நொடி போதும் என்று மத்திய கிழக்கில் விமானம் மாறும்போது தெரிந்துகொண்டேன். காப்பிக்கு அட்டையை நீட்டினேன். பவுண்டில் கட்டுகிறாயா, உள்ளூர்ப் பணத்திலா என்று கருவி கேட்டது. பவுண்டை அழுத்தினேன்.

ஏன் அழுத்தினேன் என்பதே இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. புலம்பெயர்ந்த தமிழனுக்குப் பெருக்கல் வியாதி உண்டு. லண்டனில் இறங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு விலைக்குப் பின்னாலும் இரண்டு பூஜ்யம் போட்டு ரூபாயாக்கிப் பார்க்கிறான். நாலு பவுண்டு காப்பி நானூறு ரூபாய் ஆகி நெஞ்சை அடைக்கும். (இப்போதைய விகிதத்துக்கு அதற்கும் மேலே. பழைய வாய்ப்பாடே எங்களுக்கு ஆறுதல்.) வெளியூர் போனால் அதே வியாதி திரும்பி நடக்கும், எல்லாவற்றையும் பவுண்டாக்கிப் பார்க்கவேண்டும். உன் கணக்கை நானே போட்டுத் தருகிறேன் என்று கருவி சொல்லும்போது மருத்துவரைக் கண்ட நோயாளி மாதிரி விரல் போகிறது. கணக்கு அந்தக் கடையின் வங்கி வைத்த விகிதத்தில் போடப்படும். லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. உள்ளூர்ப் பணத்தை அழுத்தியிருந்தால் விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விகிதத்தில் மாற்றியிருக்கும், அது சந்தை விலைக்குப் பக்கத்தில் நிற்பது.

ஓர் உதாரணம். 36,000 ரூபாய்க்குப் பட்டுப்புடவை, பவுண்டுக்கு 120 ரூபாய் என்று கொள்வோம். 300 பவுண்டு. கட்டணமுள்ள மட்டமான அட்டையில் தேய்த்தால் 8 பவுண்டு 97 பென்ஸ் கூடும். கட்டணமில்லாத உயர்ந்த அட்டையில் தேய்த்து, கடைக்காரர் ஐந்து சதவீதம் ஏற்றிய பவுண்டு விலைக்குத் தலையாட்டினால் 15 பவுண்டு போகும். ஆறு வாரம், நான்கு அறிஞர்கள், ஒரு பிரபுக்கள் சபை எல்லாம் அந்த ஒரு பொத்தானுக்குக் கீழே.

ஊரில் அட்டைக்கு வேலையே இருக்கவில்லை. ஆலங்குடிப் பக்கத்து டீக்கடையில் நீட்டியபோது “ஜீபே இல்லியாண்ணே?” என்று கேட்டார் தம்பி. லண்டன் நம்பரை இந்தியக் கணக்கோடு இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ள 2023இலிருந்து வழி இருக்கிறது. அந்த விண்ணப்பம் என் வீட்டில் இன்னும் மேசை மேல் கிடக்கிறது. “போறப்ப குடுங்க” என்று அவர் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டார். தகுதிச் சோதனை ஒரே கேள்விதான்: “நீங்க யாரு மகன்?”

ஆடி கழிந்திருந்தது. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்துக் காலம். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மேசைக்காரர் பழைய நோட்டைப் புரட்டி, என் அப்பா வீடு கட்டிய வருடத்தில் விருந்து வீட்டார் அவர் பெயரில் வைத்த மொய்த் தொகையைக் காட்டினார். மூன்று நிறுவனங்களாலும் கண்டுபிடிக்க முடியாத என் கடன் வரலாறு, நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. வாங்கியதற்கு மேலே கொஞ்சம் கூட்டி வைக்கவேண்டும். கூட்டி எண்ணி ரூபாயாகவே கொடுத்தேன். எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, லண்டன்னு போடவா, ஊர்ப் பேரையே போடவா?”

இந்த முறை அவசரப்படவில்லை. ஊர்ப் பேரையே போடச் சொன்னேன்.