மலையாளிகளையும் கனிமமாக அறிவிக்கக் கோரி ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய தமிழ்நாடு புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையர் சமூகத்திற்கு, ராசிபுரத்துச் சாமானியன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

கொல்லிமலை உச்சியிலும் சேர்வராயன் மலை உச்சியிலும் பாக்சைட் படிந்து கிடப்பதையும், அதில் ஏறத்தாழ நான்கு டன்னைக் கொண்டு ஒரு டன் அலுமினியம் வார்க்கலாம் என்பதையும் கண்டறிந்து, அங்குலம் அங்குலமாக அளந்து, மேட்டூர் அலுமினியக் கம்பெனிக்குக் குத்தகை எழுதிக் கொடுத்த அரசாங்கத்தாரின் சிரத்தையை நான் பலகாலம் வியந்து வந்திருக்கிறேன். அதே கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விதைத்து, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாகத் தம் பூமியை வகுத்துக்கொண்டு, ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் சொல்லும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டு வாழும் மலையாளிப் பழங்குடியினர்மீது மட்டும் அந்தச் சிரத்தை ஏன் விழவில்லை என்று விசாரப்பட்டுக் கொண்டிருந்த எனக்கு, குற்றம் அவர்களுடையதே என்பது அண்மையில்தான் புலப்பட்டது. அவர்கள் கனிமமாகப் பிறக்கத் தவறிவிட்டார்கள்.

தாங்களே சற்று ஆலோசித்துப் பாருங்கள். பாக்சைட் எந்த ஜில்லாவில் கிடந்தாலும் பாக்சைட்தான். மலையாளியோ சேலத்திலும் நாமக்கல்லிலும் பழங்குடி, ஈரோட்டுப் பர்கூர் மலையில் இருக்கும் அவன் பங்காளிக்கு நெடுங்காலம் பட்டியலில் இடமே இல்லை. கனிமங்களுக்கு 1957இலேயே தனிச் சட்டம் பிறந்துவிட்டது. வனவாசிகளின் உரிமைக்கோ 2006 வரை காத்திருக்க நேர்ந்ததோடு, தமிழ்நாட்டில் அதுவும் 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையில் சிக்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை விலக்கும்வரை உரிமைப் பத்திரம் பெறும் வழி அடைபட்டுக் கிடந்தது. பழங்குடி நிலத்துக்கு அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை அரண் என்கிறார்கள். தமிழ்நாட்டிலே ஒரு சாண் நிலமும் அவ்வட்டவணையில் இல்லை. ஆகையால், அட்டவணைப் பகுதிகளில் பழங்குடி அல்லாத தனியாருக்குச் சுரங்கக் குத்தகை தரலாகாது என்று 1997இல் ஆந்திர தேசத்துச் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதைக்கூட ஏறி வரவில்லை.

1995இல் மேட்டூர்க் கம்பெனியை வாங்கிய ஸ்டெர்லைட் குழுமத்தாரே பிற்பாடு வேதாந்தா என்ற திருநாமத்துடன் பாக்சைட்டைத் தேடி ஒடிசாவின் நியமகிரிக்கும் போனார்கள். (நாமம் சூட்டியவர் உபநிஷத்து படித்தவராகவே இருக்க வேண்டும், சர்வமும் மாயை என்னும்போது மலை மட்டும் எம்மாத்திரம்?) அங்கே 2013இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி பன்னிரண்டு கிராம சபைகள் கூடி, பன்னிரண்டும் வேண்டாம் என்று சொல்ல, மலை பிழைத்தது. இங்கே 2008இல் சுரங்கம் நின்றது சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கலால். மலைக்காரர் வேண்டாம் என்றதற்காக அன்று. உச்சியில் பெய்த மழையை அந்தப் பாக்சைட் செம்பாறை பஞ்சாய் உறிஞ்சி வைத்திருந்து, கோடையில் பள்ளத்து நெல்வயலுக்கு ஊற்றாகக் கசியவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்குக்கு டன் விகிதம் இல்லாமையால் ஏட்டில் ஏறவில்லை போலும்.

இதில் புதுமை ஏதுமில்லை என்றும் ஒப்புக்கொள்கிறேன். சங்க காலத்தில் கொல்லியை ஆண்ட ஓரியைக் காரி கொன்று அம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தபோதும் மலைமக்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்ததாகப் புலவர் எவரும் பாடவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கையொட்டி ஓரிக்கு விழா எடுக்கும் அரசு, ஓரியின் குடிகளையும் கனிமச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டால், அவர்கள் இருக்கும் இடத்துக்குத் தப்பாத வரைபடமும், அனுமதியின்றி அப்புறப்படுத்துவோருக்குத் தண்டனையும், அனுமதியோடு அப்புறப்படுத்தினால் டன்னுக்கு இவ்வளவு என்று ராயல்டியும் தாமாகவே கிடைத்துவிடும். நபர் ஒருவருக்கு ஐம்பது கிலோ வீதம் வைத்துக்கொண்டாலும் அற்பத் தொகைதான். எனினும் இதுவரை கிடைத்ததைவிட அதிகம்.

புதிய கனிமம் எதையும் மாதிரி பார்க்காமல் தங்கள் இலாகா ஏற்காது என்பதை அறிவேன். மாதிரியை அனுப்பி வைப்பதற்கில்லை. தயவுசெய்து துளையிடும் இயந்திரத்தைக் காரவள்ளி அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, கிராம சபை கூடும் நாளில் தாங்களே நேரில் ஏறி வரவேண்டும். மத்தியானம் சாமைச் சோறு உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சமவெளிக் குடிமகன்