பதிவுப் படிவத்தில் ஸ்ரீமுஷ்ணம்: ஒரு முற்றாய்வு

வலைத்தளத்தில் புதிதாகச் சேருவோர் நிரப்பும் படிவத்தில் ‘ஊர்’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் தட்டியதைச் சேவையகம் எவ்வாறு வாசிக்கிறது என்பதே நம் ஆய்வுப்பொருள். நிரலின் தரத்தைச் சோதிக்கக் கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தை விஞ்சிய ஊர் இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. மதுரையும் கடலூரும் எளிய வினாக்கள். எந்த நிரலும் தேறிவிடும். ஸ்ரீமுஷ்ணத்துக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் பள்ளிப்பிள்ளை விரல் மடக்கி ஐந்து என்பாள். ஸ்ரீயைப் பிரித்தெண்ணும் கறார் இலக்கணக்காரர் ஆறு என்பார். பைத்தான் மொழி 11 என்னும். புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் யூனிகோடு தனித்தனிக் குறியெண் தந்திருக்கிறது. கோ மொழி பைட்டுகளை எண்ணி 33 என்னும். யுடிஎஃப்-8 முறையில் இப்பெயரின் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். உலாவியோ, படிவத்தை அனுப்பும் வழக்கமான முறையில், பைட் ஒவ்வொன்றையும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக மாற்றி 99 குறிகளாக அனுப்பிவைக்கிறது. ஐந்து விடைகளுமே சரி என்பதுதான் வம்பு. கட்டத்துக்கு ‘20’ என்று வரம்பு வைத்தவர் எதில் 20 என்று சொல்லாவிட்டால், பைட் எண்ணும் நிரல் ‘ஸ்ரீமு’வோடு ஊரை நறுக்கிவிடும், அரைகுறையாய்ப் போன ‘ஷ’வின் இடத்தில் கேள்விக்குறி தாங்கிய கறுப்பு வைரம் ஒன்று பளிச்சிடும். பாதாளத்திலிருந்து பூமியையே மீட்ட பூவராகர் கோயில்கொண்ட ஸ்ரீமுஷ்ணத்தை 20 பைட்டிலிருந்து மீட்க ஆளில்லை.

இதைவிட வலுவான சான்று ஸ்ரீயிலேயே இருக்கிறது. நெடுங்காலமாக ‘ஸ’வை வைத்துத்தான் கணினியில் ‘ஸ்ரீ’ எழுதிவந்தோம். 2005இல் வெளிவந்த யூனிகோடு 4.1 ‘ஶ’ என்ற எழுத்தையும் சேர்த்தது. அதை வைத்தும் ‘ஶ்ரீ’ எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். கண்ணுக்கு ஒன்று, சேவையகத்துக்கு இரண்டு. ஆக ஒரே தெருவைச் சேர்ந்த இருவர் வெவ்வேறு விசைப்பலகையில் தட்டினால் தரவுத்தளத்தில் இரண்டு ஸ்ரீமுஷ்ணங்கள் உதிக்கும். ‘ஒ’கரக் குறியை ஒரே குறியாகவோ இரு துண்டாகவோ உள்ளிட்டால் வரும் வேற்றுமையை யூனிகோடின் இயல்பாக்கல் தீர்த்துவைக்கும், ஸ்ரீ விஷயத்தில் அது கைவிரித்துவிடுகிறது.

பூர்வபட்சிகள் சும்மா இருப்பார்களா? ஊரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தொல்லை தீர்ந்தது என்பர். தீராது, பெருகும். சேர்த்து எழுதுவோர், ஸ்ரீக்குப் பின் இடைவெளி விடுவோர், நடுவே ஓர் ‘எச்’ செருகுவோர் என்று அங்கே பிரிவுகள் பல. அந்த இடைவெளியைப் படிவம் கூட்டல் குறியாக மாற்றி அனுப்பும் வழக்கமும் உண்டு. சதவீதக் குறிகளை மட்டும் அவிழ்த்துவிட்டு, கூட்டலை மீண்டும் இடைவெளியாக்க மறந்த நிரலில் ஊர் ‘ஸ்ரீ+முஷ்ணம்’ என ஒரு கணக்குப் பாடமாக நிற்கும். இன்னொரு சாரார், ஊர்ப்பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்பர். நல்ல யோசனைதான், ஸ்ரீமுஷ்ணம் இருந்த தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்ததைப் பட்டியல் அறிந்திருக்கும் பட்சத்தில். ஆனால் பட்டியல் இருப்பது உலாவியில். உலாவியே இல்லாமல் எந்த வாசகத்தையும் சேவையகத்துக்கு அனுப்ப முடியும் என்பதால், வந்து சேர்ந்ததை அங்கே மறுபடி சோதித்தே ஆகவேண்டும். காலியாக விட்ட கட்டம் வெற்று வாசகமாக வருவதும், டிக் செய்யாத பெட்டி வராமலே போவதும் இச்சோதனையில் சேர்த்தி.

எனவே முடிபு: பயனர் தட்டியதை ஓரத்து இடைவெளி நீக்கி அப்படியே சேமிக்க வேண்டும், ஒப்பிடுவதற்கு மட்டும் இரு ஸ்ரீயையும் ஒன்றாக்கிய நகலைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். நிரலர்களே, தளத்தைத் திறக்குமுன் இரண்டு ஸ்ரீயிலும் ஒருமுறை ஸ்ரீமுஷ்ணத்தைப் பதிந்து பாருங்கள்.